பிட்ஸ்பீல்டில் ஒரு நாள்: 1859-இல் இரு கல்லூரி மாணவர் கூடிய வரலாறு

பள்ளிகளும் கல்லூரிகளும் தம்முள் கூடி விளையாட்டும் சொற்போரும் பிறவும் நிகழ்த்தும் கூட்டுநாள் இன்று பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறும் ஆணையாகவே மாணவரை வந்தடைகின்றது. நாளைக் குறிப்பவர் தலைமையாசிரியர். பந்தும் கொடியும் வாங்குபவர் உடற்பயிற்சி ஆசிரியர். பரிசு வழங்குபவர் ஊர்ப் பெரியார். மாணவர்க்கு எஞ்சியிருப்பது வெயிலில் வரிசையாக நிற்றல் ஒன்றே. இவ்வழக்கம் தோன்றிய காலத்தும் இவ்வாறே இருந்ததோ எனின், அன்று என்பதே வரலாறு தரும் விடையாகும். ஒரு நிறுவனத்து மாணவர் மற்றொரு நிறுவனத்து மாணவர்க்குத் தாமே ஓலை விடுத்து, தாமே விதி வகுத்து, தாமே நடுவரை அமைத்துக் கூடிய நாள்கள் சில உள. அவற்றுள் தெளிவான சான்றுடன் அறியத்தக்கது, அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று வில்லியம்ஸ் கல்லூரி மாணவரும் ஆமர்ஸ்ட் கல்லூரி மாணவரும் பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் கூடியதாகும். பேஸ்பால் ஆட்ட வரலாறு எழுதுவோர் இந்நாளைக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் பேஸ்பால் ஆட்டம் எனக் குறித்து, ஓட்டக் கணக்கை எழுதிவிட்டு மேற்செல்வர். அந்நாளில் வென்றவர் யார் என்பதினும் அந்நாள் எவ்வாறு உண்டாயிற்று என்பதே ஆராயத்தக்கது என்பது எம் கருத்து.

வில்லியம்ஸ் கல்லூரி தமிழ் கற்றோர்க்கு முற்றிலும் அயலானதன்று. 1806-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அக்கல்லூரி மாணவர் ஐவர் இடிமழைக்கு அஞ்சி ஒரு வைக்கோற் போரின் பக்கத்தே ஒதுங்கி நின்று, கீழை நாடுகளுக்குச் சமயப் பணிக்குச் செல்வதைப் பற்றி உரையாடினர் என்பர். அவ்வுரையாடலின் தொடர்ச்சியாக 1810-இல் தோன்றிய அமெரிக்க மிஷன் சங்கமே 1816-இல் யாழ்ப்பாணத்திற்குத் தன் தொண்டர்களை அனுப்பியது. பின்னர் வட்டுக்கோட்டைக் கல்விக்கழகத்தை நிறுவியதும் அதுவே. வைக்கோற் போரருகே நின்ற ஐவருள் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் யாழ்ப்பாணம் போந்து 1822-இல் ஆங்கே உயிர் நீத்தார். வட்டுக்கோட்டைக் கல்விக்கழகத்தின் தலைவராக விளங்கி, தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்று நூல்களையும் ஆங்கிலத்திற் பெயர்த்து, 1854-இல் அமெரிக்கக் கீழைக்கலைக் கழகத்தின் இதழில் வெளிவரச் செய்த ஹொய்சிங்டன் என்பாரும் வில்லியம்ஸ் கல்லூரியிற் பயின்றவரே. மாணவர் தாமே கூடி ஒன்றைத் தொடங்குதல் அக்கல்லூரியிற் புதுவதன்று என்பதற்கு இச்செய்திகள் சான்றாகும்.

இனி, அவ்விரு கல்லூரிகளுக்கும் இடையே இருந்த பகையைக் கூறுதல் வேண்டும். அதனை அறியாதார்க்கு 1859-ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் அருமை விளங்காது. வில்லியம்ஸ் கல்லூரி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலைகள் சூழ்ந்த வில்லியம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1793-இல் நிறுவப்பெற்றது. போக்குவரவு அரிதாகிய அவ்வூரில் கல்லூரி தழைக்காது எனவும், அதனைக் கிழக்கே கனெக்டிகட் ஆற்றுச் சமவெளிக்குப் பெயர்த்தல் வேண்டும் எனவும் ஒரு கட்சி எழுந்தது. 1815 முதல் கல்லூரித் தலைவராயிருந்த ஸெபனையா ஸ்விப்ட் மூர் அக்கட்சியைச் சார்ந்தவர். இடமாற்றத்திற்கு மாநிலச் சட்டமன்றம் இசையவில்லை. இசையாமை கண்ட மூர் 1821-இல் தலைமைப் பதவியைத் துறந்து, ஆற்றுச் சமவெளியில் ஆமர்ஸ்ட் என்னும் ஊரில் புதிதாகத் தொடங்கப்பெற்ற கல்லூரிக்குத் தலைவராகச் சென்றார். மாணவர் பதினைவர் அவரைப் பின்தொடர்ந்தனர். புதிய கல்லூரியை நிறுவ முன்னின்றோருள் ஆங்கில அகராதி இயற்றிய நோவா வெப்ஸ்டரும் ஒருவர் என்பது தமிழ்ப் பேரகராதி வரலாறு அறிந்தார்க்கு ஒரு சுவையான செய்தியாகும்.

தலைவரே விட்டகன்ற ஒரு கல்லூரியின் நிலை யாதாகும்? வில்லியம்ஸ் கல்லூரி அவ்வாண்டே மூடப்படும் எனப் பலர் எண்ணினர். அதனைக் காக்க அங்குப் பயின்ற பழைய மாணவர் 1821-இல் ஒரு சங்கம் கண்டனர். அமெரிக்கக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுள் அதுவே மூத்தது எனக் கூறுவர். ஆமர்ஸ்ட் கல்லூரிக்கோ 1825 வரை மாநில அரசின் பட்டயம் கிட்டவில்லை. அதனை எதிர்த்தோருள் வில்லியம்ஸ் கல்லூரியின் பக்கத்தாரும் இருந்தனர். ஒரு வீட்டார் இருகூறாகிப் பாகம் பிரிந்தபின் தோன்றும் கசப்பு இரு கல்லூரிகளிடையேயும் படிந்தது. மூர் செல்லும்போது வில்லியம்ஸ் நூலகத்துப் புத்தகங்களையும் உடன் கொண்டு சென்றார் என்னும் கதை இன்றளவும் அங்கு வழங்குகின்றது. அதற்கு ஆதாரம் இல்லை; எனினும், ஆதாரமில்லாக் கதை இத்துணைக் காலம் வாழ்வதே பகையின் ஆழத்திற்கு ஆதாரம் எனலாம்.

1859-இல் இவ்விரு கல்லூரிகளிலும் பயின்ற இளைஞர் ஒருவரும் 1821-இல் பிறந்திருக்கவில்லை என்றே கொள்ளலாம். முன்னோர் வழக்கை அவர்கள் கேள்வியால் மட்டும் அறிந்தவர்கள். ஆயினும் அவர்கட்கு வேறொரு செல்வம் இருந்தது. அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் தாமே நடத்திய இலக்கியக் கழகங்கள் பெருவழக்காயிருந்தன. வில்லியம்ஸில் பிலலாஜியன், பிலோடெக்னியன் என இரண்டு; ஆமர்ஸ்டில் அலெக்சாந்திரியன், அத்தேனியன் என இரண்டு. இக்கழகங்களுக்குத் தனி நூலகங்கள் இருந்தன. தலைவரையும் செயலரையும் வாக்கெடுத்துத் தெரிவு செய்தனர். சொற்போர்க்குப் பொருள் வகுத்து நடுவரை அமைத்தனர். வில்லியம்ஸ் மாணவர் 1835-இல் இயற்கைநூற் கழகம் ஒன்றும் கண்டனர். அவ்வாண்டே ஆசிரியர் ஒருவர் துணையுடன் நோவா ஸ்கோஷியாவுக்கு ஆய்வுப் பயணமும் மேற்கொண்டனர். கடிதம் எழுதுதல், உடன்படிக்கை வரைதல், முறை வழுவாது வாதிடுதல் ஆகியவற்றில் இவ்விளைஞர் பழகியிருந்தனர். பாடத்திட்டம் அவர்கட்கு இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்பித்தது. ஒரு காரியத்தைக் கூடிச் செய்யும் முறையைக் கற்பித்தவை இக்கழகங்களே.

பிட்ஸ்பீல்டு நிகழ்ச்சிக்கு ஏழாண்டு முற்பட்ட மற்றொன்றை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். 1852-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் ஹார்வர்டு, யேல் என்னும் இரு பெருங்கல்லூரி மாணவர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வின்னிபசாகி ஏரியில் படகுப் போட்டி நிகழ்த்தினர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதற் போட்டி அதுவே, ஹார்வர்டு வென்றது. அதனைத் தூண்டியவர் அவ்வழிச் செல்லும் இருப்புப்பாதைக் குழுமத்தின் கண்காணிப்பாளர் ஒருவர். மாணவர்தம் வழிச்செலவும் தங்கற்செலவும் குழுமத்தைச் சார்ந்தன. போட்டியைக் காணவரும் கூட்டத்தால் பயணச்சீட்டு விற்பனை பெருகும் என்பது குழுமத்தின் கணக்கு. அவ்வாண்டு குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பிராங்க்ளின் பியர்ஸ் பரிசு வழங்கினார் எனின், நிகழ்ச்சியின் இயல்பு புலப்படும். இளைஞர் இன்புற்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நாள் பிறர் வகுத்த நாள். அதில் மாணவர் விருந்தினராகவே சென்றனர்.

பிட்ஸ்பீல்டு நாள் வேறு வகையிற் பிறந்தது. ஆமர்ஸ்ட் மாணவர் வில்லியம்ஸ் மாணவர்க்கு ஓர் அறைகூவல் விடுத்தனர்: பேஸ்பால் ஆட்டத்தில் எம்முடன் பொருதுவீரோ என்பது அதன் பொருள். வில்லியம்ஸ் மாணவர் அதனை ஏற்றனர். ஏற்றதோடமையாது தம் பங்கிற்கு ஓர் அறைகூவலையும் சேர்த்தனுப்பினர்: உடல்வலியை ஆய்ந்தபின் அறிவுவலியையும் ஆய்வோம், சதுரங்கத்திற்கும் வருக என்றனர். அழைத்தவர் கூறிய பொருளோடு அழைக்கப்பெற்றவர் தம் பொருளையும் இணைத்த அப்பொழுதே அந்நாள் இருவர்க்கும் பொதுவாயிற்று. ஒருவர் விருந்தளிப்பார், மற்றவர் உண்பார் என்னும் நிலை மாறி, இருவரும் தத்தம் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து கலந்துண்ணும் கூட்டாஞ்சோறாயிற்று அது.

சதுரங்கத்தை அவர்கள் நாடியதற்குக் காலமும் ஒரு காரணம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இளைஞரான பால் மார்பி ஐரோப்பாவின் பெருவீரர் பலரைச் சதுரங்கத்தில் வென்று 1859-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாயகம் திரும்பியிருந்தார்; அம்மாத இறுதியில் பாஸ்டன் நகரத்து அறிஞர் அவர்க்கு விருந்தளித்துப் போற்றினர். வெறுங்கையாய் இருபத்தொரு வயதில் புகழெய்திய ஒருவரைப் பற்றிய பேச்சு கல்லூரி விடுதிகளில் நிறைந்திருந்த வேளை அது.

அடுத்து எழுந்த வினா, எங்குக் கூடுவது என்பது. வில்லியம்ஸ்டவுனில் எனின் ஆமர்ஸ்டார் பகைப்புலம் புகுந்ததாகும்; ஆமர்ஸ்டில் எனின் 1821-இல் பிரிந்தவர் வாயிலில் வில்லியம்ஸார் சென்று நின்றதாகும். ஆகவே இருவர்க்கும் உரியதல்லாத பிட்ஸ்பீல்டு வரையறுக்கப்பட்டது. அவ்வூர் வில்லியம்ஸ்டவுனுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலும், ஆமர்ஸ்டுக்கு மேற்கே ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவிலும் உள்ளது. அவ்வூர்ப் பேஸ்பால் கழகம் தன் ஆடுகளத்தை ஈந்தது. சதுரங்கக் கழகமும் இடந்தந்து உதவிற்று. (அதே ஊர், 1791-இல் புதிய வழிபாட்டு மன்றத்தின் சாளரக் கண்ணாடிகளைக் காத்தற்பொருட்டு, மன்றத்திலிருந்து எண்பது கஜ எல்லைக்குள் பேஸ்பால் முதலியன ஆடுதல் கூடாது என விதித்த ஊராகும். அவ்விதி எழுதிய ஏடு 2004-இல் அறிஞர் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.) விழாக்காலத்தில் பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளற்க என முரசறைவித்து, வாதஞ்செய்வார் ஏறுதற்குப் பட்டிமண்டபம் அமைத்த வழக்கினை மணிமேகலையின் விழாவறை காதையிற் காண்கின்றோம். ஆண்டுக் காவலன் முரசு அறிவித்ததை, ஈண்டு இளைஞர் எழுதிய கடிதங்கள் செய்து முடித்தன.

ஆட்டத்தின் விதிகளையும் அவர்களே உடன்பட்டு வகுத்தனர். அக்காலத்தில் பேஸ்பால் ஆட்டம் நாடெங்கும் ஒரே வகையினதாக இல்லை. நியூயார்க் நகரத்து முறை ஒன்று. மாசசூசெட்ஸ் முறை மற்றொன்று. பின்னதன்படி களம் சதுரமாயிருக்கும். தளங்களுக்கு அடையாளமாக நான்கடி உயர முளைகள் நடப்பெறும். ஓடுபவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் ஆட்டமிழந்தவன் ஆவான். நம் நாட்டுச் சிறுவர் ஆடும் பேய்ப்பந்தாட்டத்தை அறிந்தவர் அவ்வடியின் சுவையை எளிதில் உணர்வர். ஒருவன் ஆட்டமிழந்தால் அவன் அணியே மட்டையைக் கைவிட்டுக் களத்திற் பரவுதல் வேண்டும். பக்கத்திற்குப் பதின்மூவர் ஆடுவது எனவும், முந்தி அறுபத்தைந்து ஓட்டம் எய்தியவர் வெல்வது எனவும் முடிவு செய்யப்பட்டது. ஆமர்ஸ்டு அணியினர் மாணவர் பொதுவிலிருந்து வாக்கெடுப்பினால் தெரிவு செய்யப்பட்டனர். ஆட்டக்காரரை வாக்கெடுத்துப் பொறுக்குதல் இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். எனினும், கல்லூரியின் பெயரால் செல்பவரைக் கல்லூரி மாணவரே விடுத்தல் வேண்டும் என்ற கொள்கை அதனுள் அடங்கியுள்ளது. நடுவர் மூவர்: கல்லூரிக்கு ஒருவராக இருவர், அவ்விருவரும் மாறுபட்டவழித் தீர்ப்புக் கூறப் பிட்ஸ்பீல்டு ஊரினர் ஒருவர்.

ஜூலை முதல் நாள் முற்பகலில் ஆட்டம் தொடங்கியது. வில்லியம்ஸ் அணியினர் ஒரு தன்மையாக உடுத்திருந்தனர். ஆமர்ஸ்டார் பலவகை உடையினராய் வந்தனர். பந்தைப் பொறுத்தவரை இருசாராரும் ஒன்றுபடவில்லை. ஒவ்வொரு கல்லூரியாரும் தத்தம் பந்தைக் கொணர்ந்து தாம் எறியும்போது அதனையே பயன்படுத்தினர். வில்லியம்ஸார் பந்து வெளிறிய நிறத் தோலால் மூடப்பட்டு, மட்டை பிடிப்பவன் கண்ணுக்கு எளிதில் புலப்படாதவாறு அமைந்தது என ஆமர்ஸ்ட் தரப்பார் எழுதி வைத்துள்ளனர். தோற்றவர் இதனை எழுதியிருப்பின் முறையீடு எனலாம். வென்றவர் எழுதியமையால் செருக்கு எனவே கொள்ளல் வேண்டும். தொடக்கத்தில் வில்லியம்ஸ் முன்னேறியது. பின்னர் ஆமர்ஸ்ட் மேலோங்கி, இருபத்தைந்து சுற்றுகளுக்குக் குறையாமல் நடந்த ஆட்டத்தின் முடிவில் 73-க்கு 32 என்ற கணக்கில் வென்றது. மறுநாள் சதுரங்கத்திலும் ஆமர்ஸ்டே வென்றது.

இவ்விடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறாது விடுதல் ஆகாது. ஆமர்ஸ்ட் அணியில் பந்தெறிந்தவன் மாணவனே அல்லன், இவ்வாட்டத்திற்கெனக் கூலிக்கு அமர்த்தப்பட்ட கொல்லன் என்றொரு வதந்தி களத்தைச் சுற்றிப் பரவியது. அத்துணை வலிமையும் தளராமையும் கல்லூரி இளைஞனுக்கு வாய்க்குமோ என்பது பேசினோர் ஐயம். வதந்தி பொய். எனினும், முப்பத்தெட்டு ஆண்டுப் பழைய ஐயம் ஓட்டக் கணக்கு மாறத் தொடங்கியவுடன் தலைதூக்கிய வகையை இது காட்டுகின்றது. இத்தகைய பேச்சினால் ஆட்டம் இடைமுறிந்து கைகலப்பில் முடிந்த ஊர்கள் பல. பிட்ஸ்பீல்டில் ஆட்டம் முறியவில்லை. வில்லியம்ஸார் களத்தைவிட்டு அகலவில்லை; மறுநாள் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தனர். அவர்கள் உள்ளம் பகையற்றிருந்தது என யாம் கூறவில்லை. வெல்லவே வந்தவர்கள் அவர்கள். பகை உள்ளத்தில் இருந்தபோதே அதனை அடக்கி நிற்கத்தக்க விதியொன்றைத் தாமே வகுத்துக் கொண்டமையும், வகுத்த விதிக்குத் தாமே கட்டுப்பட்டமையும் இங்குக் கருதத்தக்கன. மேலிருந்து வந்த விதியை மீறுவது இளைஞர்க்கு வீரம். தாம் கையொப்பமிட்ட விதியை மீறுவது இழுக்கு.

வெற்றிச் செய்தி எட்டியதும் ஆமர்ஸ்டில் மணி ஒலித்தது. மாணவர் தீவளர்த்து ஆரவாரித்தனர். இரு போட்டிகளின் விளைவையும் விரித்துரைக்கும் தனி இதழ் ஒன்றும் அச்சாயிற்று. அதன் தலைப்பு தசையையும் மதியையும் ஒருங்கே கூறுவது. பிற்காலத்தார் தசையை மட்டும் நினைவிற் கொண்டு மதியை மறந்தனர். பேஸ்பால் நூல்களில் சதுரங்கம் ஒரு வரியில் அடங்கும்; கடிதப் போக்குவரவோ பல நூல்களில் அவ்வொரு வரியும் பெறாது. வரலாற்றாசிரியர் விளைவுகளையே எண்ணுதலான் வரும் குறை இது.

அந்நாளின் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். ஆமர்ஸ்ட் கல்லூரித் தலைவர் ஸ்டெர்ன்ஸ் மாணவர்தம் உடல்நலக் குறைவு பற்றி முன்னரே கவலை கொண்டிருந்தவர். அவர் முயற்சியால் 1860-இல் உடற்பயிற்சி மண்டபம் எழுந்தது. 1861-இல் எட்வர்டு ஹிச்காக் என்னும் மருத்துவர் உடல்நலத் துறைக்குப் பேராசிரியரானார். 1869 நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் மாணவர் நிகழ்த்திய கால்பந்தாட்டமும் மாணவர் தாமே கடிதமெழுதிக் கூடியதே. பக்கத்திற்கு இருபத்தைவர் ஆடினர். பின்னர்ப் போட்டிகள் பெருகின, பணம் புகுந்தது, கூலியாட்டக்காரரும் புகுந்தனர். பிட்ஸ்பீல்டில் பொய்யாயிருந்த கொல்லன் கதை பிற களங்களில் மெய்யாயிற்று. 1882-இல் ஹார்வர்டு விளையாட்டு மேற்பார்வைக்கு ஒரு குழுவை அமைத்தது. 1905-இல் கால்பந்தாட்டத்தில் மாணவர் பலர் உயிரிழக்கவே, நாடு கொதித்தெழுந்தது. 1906-இல் கல்லூரிகளின் பொதுச் சங்கம் தோன்றிற்று. இளைஞர் உயிரைக் காக்க எழுந்த அவ்வேற்பாட்டைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும், உயிருக்கு அஞ்சி எடுத்த அதிகாரம் சதுரங்கத்திற்கும் சொற்போருக்கும் நாடகத்திற்கும் ஏன் பரவுதல் வேண்டும் என்னும் வினாவிற்கு எவரும் விடை கூறியதாக யாம் அறியோம். மாணவர் கூட்டுநாளை மாணவரே நடத்தினால் குழப்பம் விளையும் என ஆசிரியர் அறைகளிற் பேசக் கேட்டுள்ளோம். யாமும் சிலகாற் பேசியதுண்டு. 1859-இல் குழப்பம் விளைதற்கு வேண்டுவன யாவும் பிட்ஸ்பீல்டில் இருந்தன.

இன்னுமொன்று கூறல் வேண்டும். பிட்ஸ்பீல்டு ஆடுகளத்தை அடுத்து மேப்பிள்வுட் என்னும் மகளிர் கல்விக்கூடம் இருந்தது. அதன் மாணவியர் ஆட்டங் காண வந்திருந்தனர். அவர்தம் வருகையை அக்காலத்துச் செய்திகள் களத்திற்கு அழகூட்டியதாகவே குறிக்கின்றன. அன்று அவ்வூரில் இருந்தவை இரண்டு கல்விநிலையங்கள் அல்ல, மூன்று என்பதை அவற்றை எழுதியோர் நினைந்திலர். சதுரங்கத்திற்குத் தோள்வலி வேண்டா. எனினும் மூன்றாவது பலகை ஒன்று இடப்படவில்லை. மேப்பிள்வுட் கல்விக்கூடம் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே மூடப்பட்டது. வில்லியம்ஸ் கல்லூரி 1970-களின் தொடக்கத்திலும், ஆமர்ஸ்ட் கல்லூரி 1975-இலுமே மகளிரை மாணவராகச் சேர்த்துக் கொண்டன.